ஈவாஞ்சலின் பெயரில் ஆடியவள்

மே 6, திங்கள்

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டது. காலை ஒன்பதரையிலிருந்து போனைக் கீழே வைக்க முடியவில்லை. "மிஸ், நான் பாஸ் மிஸ்!" என்று கத்துகிறார்களே தவிர, எத்தனை மார்க் என்று ஒருத்தியும் உருப்படியாகச் சொல்வதில்லை. என் டீமில் பரீட்சை எழுதிய ஆறு பேரும் பாஸ். பந்து உதைக்கிற பெண்களுக்குப் படிப்பு ஏறாது என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிக்கொண்டு திரியும் கெமிஸ்ட்ரி டீச்சருக்கு நாளைக்கு நானே மைசூர்பாகு கொண்டுபோய் நீட்டப் போகிறேன்.

என் மகள் ஈவாஞ்சலின் 531. லோகேஸ்வரி 388. ஈவாவுக்கு அது எதிர்பார்த்ததுதான். லோகி 388 எடுத்ததுதான் அதிசயம்.

இனி ஒரு மாதத்துக்கு நான் பி.டி. டீச்சர் இல்லை. எந்தக் கல்லூரியில் எந்தக் கோச், எந்தத் தேதியில் செலக்‌ஷன், யாருக்கு எந்தப் பேப்பர் குறைகிறது என்று அலைவதுதான் வேலை. வருஷா வருஷம் இதே கூத்து. யாரும் செய்யச் சொல்லவில்லை. செய்யாவிட்டால் இந்தப் பெண்களுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா என்று ஒன்று இருப்பதே தெரியாது.

மே 8, புதன்

பெற்றோர் கூட்டம். கூட்டம் நடந்த பத்தாம் வகுப்பு பி பிரிவு அறையில் ஃபேன் ஓடவில்லை. பாரதியின் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து முதல் கேள்வியே கேட்டார்.

"மிஸ், பந்து ஒதச்சா டிகிரி குடுத்துருவாங்களா?"

"படிச்சாதாங்க டிகிரி. பந்து ஒதச்சா காலேஜ் கேட்டுக்குள்ள விடுவாங்க. அவ்வளவுதான்."

"ஆஸ்டல்ல ஆம்பள கோச் இருப்பானா?" இது சிநேகாவின் அம்மா. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி, டி.சி., சாதிச் சான்றிதழ், விளையாட்டுச் சான்றிதழ், எல்லாவற்றிலும் மூன்று ஜெராக்ஸ் என்று போர்டில் எழுதிப் போட்டேன். சாதிச் சான்றிதழைத் தொலைத்துவிட்டு வந்த ஒரு தகப்பனாரை இ-சேவை மையத்துக்குத் துரத்தினேன்.

லோகியின் அம்மா அஞ்சலை கடைசி பெஞ்சில் இருந்தாள். மீன்பிடித் துறைமுகத்தில் எறா உரிக்கிற வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. எல்லோரும் போன பிறகு பக்கத்தில் வந்தாள்.

"மிஸ், எல்லா பொண்ணுங்களும் சர்டிபிகேட்ட பைல்ல வச்சினு கீதுங்க. எம்பொண்ணுது எங்க மிஸ்?"

வரும் என்றேன். அவளும் தலையாட்டிவிட்டுப் போனாள். கெட்டிக்காரத்தனமாக இரண்டாவது கேள்வி கேட்கிற ஆள் இல்லை அவள். சில நேரம் அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

மே 9, வியாழன்

தாம்பரம் தாண்டி இருக்கும் பெண்கள் கல்லூரி ஒன்றிலிருந்து போன். கோச் பெயர் கோகிலவாணி. நவம்பரில் நடந்த மாநிலப் போட்டியின் அரையிறுதியைப் பார்த்தாராம்.

"உங்க ஒன்பதாம் நம்பர் பொண்ணு, ஈவாஞ்சலின். அந்தப் பொண்ணு எனக்கு வேணும். ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் எங்களோடது. ஜூன் மூணாம் தேதி ட்ரையல்ஸ். சர்டிபிகேட்டோட கூட்டிட்டு வாங்க. மத்தவங்களுக்குப் போட்டி, இந்தப் பொண்ணுக்குச் சும்மா ஃபார்மாலிட்டி."

"சரிங்க மேடம்" என்றேன். சிக்னல் சரியில்லை. அதனால் வேறொன்றும் சொல்ல முடியவில்லை.

எழுதிவைத்துவிடுகிறேன். நவம்பரில் ஒன்பதாம் நம்பர் போட்டு ஆடியது ஈவா இல்லை, லோகி. பதினெட்டுப் பேர் பட்டியலில் ஈவா பெயர் இருந்தது, லோகி பெயர் இல்லை. புறப்படுகிற அன்று ஈவாவுக்குக் காய்ச்சல். பட்டியல் ஆன்லைனில் மூடியாகிவிட்டது. ஈவாவின் படிவத்தில் லோகியின் போட்டோவை ஒட்டி, பள்ளி சீலை அடித்து, லோகியை அழைத்துப் போனேன். மூன்று நாளும் அவள் "ஈவாஞ்சலின்" என்று கூப்பிட்டால் கை தூக்கினாள். ஐந்து கோல் போட்டாள். கோப்பை வந்தது. சான்றிதழ் ஈவாஞ்சலின் பெயரில் வந்தது.

இதெல்லாம் ஊரில் நடக்காததா? எத்தனை பள்ளிக்கூடம் செய்கிறது. லோகி பட்டியலில் இல்லாததற்கு அவளேதான் காரணம். அக்டோபரில் பதினைந்து நாள் பயிற்சிக்கு வரவில்லை. அம்மாவுடன் எறா உரிக்கப் போய்விட்டாள். ஒழுங்கு என்று ஒன்று வேண்டாமா?

மே 11, சனி

ரேஷன் கடை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. மாலை ஈவாவின் அப்பா மஸ்கட்டிலிருந்து பேசினார். கோகிலவாணி மேடம் விஷயத்தைச் சொன்னேன். முழுக்கச் சொல்லவில்லை.

"ஃப்ரீ சீட்டா? கர்த்தர் திறந்த கதவு கிருபா. யோசிக்காம ஈவாவ சேர்த்து விடு."

ஈவா பக்கத்து அறையில்தான் இருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

மே 13, திங்கள்

லோகி வந்தாள். மைதானத்தில் கோல் போஸ்ட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன். நான் கேட்காமலே பிரஷைப் பிடுங்கி மேல் கம்பிக்கு அடிக்க ஆரம்பித்தாள்.

"மிஸ், எவ்ளோ நாளாவும் மிஸ்? நீங்கதான சொன்னீங்க, அப்பால ஆபீஸ்ல பேசி சர்டிபிகேட்ட எம்பேருக்கு மாத்தித் தர்றேன்னு."

"சொன்னேன்ல? பேசிட்டு இருக்கேன்."

"இல்ல மிஸ், ஸ்ரீபெரும்புதூர்ல போன் கம்பெனிக்கு ஆள் எடுக்கறாங்க. ஜூன் அஞ்சாம் தேதி வேன் வருது. எங்கம்மா பேர் குடுத்துட்ச்சு. சீட்டு கெடச்சா அதாண்ட வேணாம்னு சொல்லிடுவேன். மூணு வருசம் கம்பெனில ஒப்பந்தம் மிஸ். பூட்டா பூட்டதுதான், நடுவுல வர முடியாது."

ஜூன் ஐந்து. ட்ரையல்ஸ் மூன்றாம் தேதி.

கல்லூரியிலிருந்து அவளைக் கேட்டு போன் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆசை காட்டி மோசம் செய்யக்கூடாதே என்றுதான்.

மே 15, புதன்

மாவட்ட விளையாட்டு அலுவலகம் போனேன். கிளார்க் தெரிந்தவர். ஒரு பெண்ணின் பெயர் சான்றிதழில் தவறாக வந்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்றேன். இனிஷியலா, ஸ்பெல்லிங்கா என்றார். முழுப் பெயரும் என்றேன்.

அவர் கம்ப்யூட்டரில் பட்டியலைத் திறந்து பார்த்தார். பதினெட்டுப் பேர். லோகேஸ்வரி என்று ஒருத்தி இல்லவே இல்லை. கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"என்ன மிஸ், ஆள் மாத்தி ஆட விட்டீங்களா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"அய்யய்யோ, நானா?" நானும் சிரித்தேன்.

"விளையாட்டுக்குக் கூட அப்படிப் பண்ணிடாதீங்க. போன வருஷம் ஒரு ஸ்கூல் மாட்டுச்சு. கோப்பைய வாங்கிட்டு, மொத்த டீம் சர்டிபிகேட்டையும் ரத்து பண்ணிட்டாங்க. வாத்தியாரு இன்னும் சஸ்பென்ஷன்ல இருக்காரு."

வெளியே வந்து இளநீர் குடித்தேன்.

மொத்த டீமும். சிநேகா, பாரதி, இன்னும் இரண்டு பேர். நால்வருக்கும் போன வாரம்தான் சீட் உறுதியானது. நான் வாயைத் திறந்தால் அந்த நாலு பெண்களும் தெருவுக்கு வருவார்கள். ஒருத்திக்காக நாலு பேரைக் கெடுக்க முடியுமா? என் வேலையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

மே 18, சனி

பாவாடைத் துணி அயர்ன் பண்ணினேன். பல் வலி.

மே 20, திங்கள்

கோகிலவாணி மேடத்துக்கு நானே போன் செய்தேன். "சான்றிதழ் இல்லாமல், ஆட்டத்தை மட்டும் பார்த்து எடுப்பீர்களா, இன்னொரு பெண் இருக்கிறாள், நன்றாக ஆடுவாள்" என்று பொதுவாகக் கேட்டேன்.

"மேனேஜ்மென்ட் ஒத்துக்காது மிஸ். பேப்பர் இல்லன்னா நான் கேக்கவே முடியாது. நீங்க ஈவாஞ்சலினைக் கூட்டிட்டு வாங்க, போதும்."

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். ஈவாவை அனுப்பினால், அவள் பந்தை நிறுத்துகிற அழகைப் பார்த்து ஐந்தாவது நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். லோகியை அனுப்பினால் கையில் பேப்பர் இல்லை. இரண்டு பேரையும் அனுப்பாவிட்டால் ஒரு சீட் வீணாகிறது. இதில் ஒவ்வொரு சுவரையும் கட்டியது யார் என்று கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மே 23, வியாழன்

அஞ்சலை வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு கூடையில் வஞ்சிரம். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. லோகிக்குத் தாம்பரம் கல்லூரி விஷயம் தெரிந்துவிட்டது. ஈவா சொல்லியிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

அஞ்சலை தரையில் உட்கார்ந்து, நிதானமாக ஒரு யோசனை சொன்னாள்.

"பேர்ல இன்னா மிஸ் கீது? நம்ம லோகி ஈவா பேர்லயே சேந்துக்கட்டும். ஈவா மார்க்கு சீட்டு, ஈவா சர்டிபிகேட்டு எல்லாம் குடுங்க. மூணு வருசம் ஈவாவாவே படிச்சிட்டு வந்துரும். ஈவா பாப்பாக்குத்தான் வேற எடத்துல சீட்டு கெடைக்குமே."

"டிகிரியும் ஈவா பேர்லதான அஞ்சலை வரும்?"

"வரட்டும் மிஸ். எங்க ஊட்ல யாரு அத பிரேம் போட்டு மாட்டப் போறா? புள்ள படிச்சிருக்கும்ல."

நான் சிரித்தேன். சிரிப்பு நின்ற பிறகு, அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்தது. இதைவிடக் கேவலம், ஒரு நிமிஷம் அது நடக்குமா என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆதாரில் மாட்டும். அதனால்தான் விட்டேன்.

மீனைக் குழம்பு வைத்தேன். ஈவா சாப்பிடவில்லை.

மே 27, திங்கள்

ஒரு வழி தோன்றியிருக்கிறது. இரண்டு பேரையும் அழைத்துப் போகிறேன். லோகி ஆடட்டும். கோகிலவாணி மேடம் அவள் ஆட்டத்தில் மயங்கிய பிறகு, பக்குவமாகப் பேசிக்கொள்ளலாம். நேரில் பேசினால் எல்லாம் சரியாகும். அலுவலகத்தில் ஏதோ டைப் அடித்த தவறு என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஈவாவிடம் சொன்னேன். "என்னவோ பண்ணு" என்றாள்.

ஜூன் 1, சனி

லோகிக்கு பூட்ஸ் பிய்ந்திருக்கிறது. கோணி ஊசியால் தைத்துக் கொடுத்தேன். "மிஸ், மேடம் ஈவானு கூப்ட்டா நான் இன்னா சொல்லட்டும்?" என்றாள். பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

ஜூன் 3, திங்கள்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

கடற்கரை ஸ்டேஷனில் ஏறி, தாம்பரத்தில் இறங்கி, பஸ் பிடித்து ஒன்பதுக்குள் போய்விட்டோம். பச்சைப் புல் மைதானம். லோகி புல்லைக் கையால் தடவிப் பார்த்தாள். எங்கள் மைதானத்தில் ஓடு, செங்கல், ஆட்டுப் புழுக்கை எல்லாம் உண்டு, புல் மட்டும் கிடையாது.

கோகிலவாணி மேடம் தூரத்திலிருந்தே லோகியைப் பார்த்துவிட்டார். "வாம்மா ஈவாஞ்சலின்!"

லோகி என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்துகொண்டிருந்தேன்.

அவள் ஆடினாள். நாற்பது நிமிஷம். முதல் கோல் இடது காலில். இரண்டாவதுக்கு மூன்று பேரைத் தாண்டிப் போனாள். கல்லூரிப் பெண்களே ஓரத்தில் நின்று கை தட்டினார்கள். ஈவா கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, "போடி, போடி, அடிடீ!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். நானும் கத்தினேன். அந்த நாற்பது நிமிஷமும் எனக்கு எல்லாம் மறந்திருந்தது.

பிறகு ஈவாஞ்சலின் ஃபைல் எங்கே என்று கேட்டார்கள், கொடுத்தேன். மார்க் ஷீட்டில் ஈவாவின் போட்டோ. கோகிலவாணி மேடம் போட்டோவைப் பார்த்தார், லோகியைப் பார்த்தார், வேலியோரம் நின்ற ஈவாவைப் பார்த்தார்.

நான்தான் பேசியிருக்க வேண்டும். பக்குவமாகப் பேச வேண்டும் என்று ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு லோகி பேசிவிட்டாள்.

"நான் ஈவா இல்ல மேடம். அவதான் ஈவா. அவளுக்குக் கால் வலி. நான் சும்மா தொணைக்கு வந்தேன்."

"அப்ப நவம்பர்ல ஆடினது?"

"அவதான் மேடம்."

ஈவா வாயைத் திறந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினேன். ஆமாம், அழுத்தினேன்.

கோகிலவாணி மேடம் பெண்கள் இரண்டு பேரையும் கேன்டீனுக்கு அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இருபத்திரண்டு வருஷமா இந்த வேலை பாக்கறேன் மிஸ். எனக்கு முகம் மறந்து போகும், ஓட்டம் மறக்காது. ஒன்பதாம் நம்பர் யாருன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. மேட்ச் வீடியோவும் எங்கிட்ட இருக்கு. சர்டிபிகேட் இனிமே செல்லாது. ஆனா ட்ரையல்ஸை வச்சு மட்டும் ஒருத்தரை எடுக்க எங்க பிரின்சிபாலுக்கு அதிகாரம் இருக்கு. யாருக்காகவும் கேட்டதில்ல, இந்தப் பொண்ணுக்காக அவங்ககிட்ட நான் கேக்கறேன். அதுக்கு ஒன்பதாம் நம்பர் இந்தப் பொண்ணுதான்னு, நவம்பர்ல நடந்தது என்னன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். கிடைக்கும்னு உறுதி சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு லிஸ்ட் மூடிடுவாங்க."

மூவரும் ரயிலில் திரும்பினோம். கடற்கரை ஸ்டேஷனில் இறங்கிப் பிரியும்போது லோகி, "பரவால்ல மிஸ், நாலு பொண்ணுங்க பாவம்ல" என்றாள். அந்த நாலு பெண்கள் கதையையும் நான்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

ஜூன் 4, செவ்வாய்

கடிதம் எழுதினேன். "எழுத்தர் தவறால் பெயர் மாறிவிட்டது" என்று. கிழித்தேன். "மாணவியின் உடல்நலக் குறைவால் தவிர்க்க இயலாமல்" என்று எழுதினேன். அதையும் கிழித்தேன். தலைமை ஆசிரியை இரண்டு முறை என் மேஜைப் பக்கம் வந்து போனார். இன்னும் பதினோரு வருஷம் சர்வீஸ் இருக்கிறது.

ஜூன் 5, புதன்

லோகி போய்விட்டாள். காலை ஏழு மணிக்கு வேன் வந்ததாம். அஞ்சலை சொன்னாள். முதல் ஒரு வாரம் ஹாஸ்டலிலேயே வகுப்பு, போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம்.

"அழுதாளா?" என்றேன்.

"அது எங்க மிஸ் அழும்? பூட்ஸ மட்டும் எடுத்துனு போவல. ஊட்லயே கீது."

வீட்டுக்கு வந்து ஈவாவிடம் சொன்னேன். ஒருவேளை இதுவே நல்லது, நாலு பெண்கள் தப்பித்தார்கள் என்றேன்.

ஈவா என்றைக்கும் குரல் உயர்த்தாத பெண். இன்றும் உயர்த்தவில்லை.

"எந்த நாலு பேரும்மா? அவங்க நாலு பேருக்கும் போன வருஷம் நேஷனல் கேம்ப் போன சர்டிபிகேட்லதான நீ சீட்டு வாங்கின? நான்தான ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்தேன். நவம்பர் சர்டிபிகேட் அவங்க ஃபைல்லயே இல்ல. நீ ஒண்ணு சொன்னா போகப் போறது ஹெச்.எம். ரூம்ல இருக்கற கோப்பை. அப்புறம் உன் வேலை."

நான் எழுந்து பாத்திரம் தேய்க்கப் போனேன். பின்னாலேயே வந்தாள்.

"எனக்குக் காய்ச்சலும் இல்ல. நான் வரமாட்டேன், லோகிய கூட்டிட்டுப் போன்னு உன் காலப் பிடிச்சு அழுதேன். ஊர்ல எல்லார்கிட்டயும் காய்ச்சல்னு சொல்லிச் சொல்லி நீயே நம்பிட்ட."

பத்து மணி வரை பாத்திரம் தேய்த்தேன். தேய்த்த பாத்திரத்தையே திரும்பவும் தேய்த்தேன்.

ஜூன் 6, வியாழன்

எழுதிவிட்டேன். மூன்று பிரதி. ஒன்று தலைமை ஆசிரியைக்கு. படித்துவிட்டு, "கிருபா, உங்களுக்குப் பைத்தியமா?" என்றார். ஒன்று மாவட்ட அலுவலகத்துக்கு. கிளார்க் இந்த முறை சிரிக்கவில்லை. சீல் வைத்து வாங்கிக்கொண்டார். மூன்றாவதைத் தாம்பரத்துக்கு நானே கொண்டுபோனேன்.

கோகிலவாணி மேடம் நின்றுகொண்டே படித்தார். கடைசிப் பத்தியை மட்டும் இரண்டு முறை படித்தார்.

"இது எழுதணும்னு நான் கேக்கலியே மிஸ்."

"தெரியும் மேடம்."

"நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள பொண்ணு, அவளோட சொந்த மார்க் ஷீட், ரெண்டும் இங்க இருக்கணும்."

அஞ்சலையிடம் மார்க் ஷீட் வாங்கிக்கொண்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. நானே உட்கார்ந்து சொன்னேன். முழுவதும் சொன்னேன் என்று எழுத ஆசைதான். பாதிதான் சொன்னேன்.

ஜூன் 7, வெள்ளி

ஸ்ரீபெரும்புதூர். ஹாஸ்டல் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி பன்னிரண்டு பத்து.

காலை எட்டரைக்கே வந்துவிட்டேன். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. டீச்சர் என்றேன், அடையாள அட்டை காட்டினேன், கெஞ்சினேன், கத்தினேன். பதினோரு மணி டீ பிரேக்கில் கூப்பிடுகிறேன் என்றார். சொன்னபடி கூப்பிட்டார்.

நீலக் கோட்டு போட்டு, முடியை வலைக்குள் சுருட்டிக்கொண்டு லோகி வந்தாள். கழுத்தில் ஒரு அட்டை. நான் பார்ப்பதைப் பார்த்து அதைத் தூக்கிக் காட்டினாள்.

"இதுல எம்பேரு கரீட்டா போட்டுக்கிறாங்க மிஸ்."

குத்திக் காட்டவில்லை. சும்மா சொன்னாள்.

விஷயத்தைச் சொன்னேன். ஐந்து மணிக்குள் போக வேண்டும், கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்றேன். அவள் நகரவில்லை.

"அங்க இன்னா பேரு மிஸ்?"

"உன் பேர்தான்."

"எழுதிக் குடுத்துக்கிறீங்களா?"

என் பிரதியைக் கொடுத்தேன். கேட் கம்பி வழியாகத்தான் கொடுத்தேன். அவள் நின்று, வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள். கடைசிப் பத்தியில் நான் என்ன எழுதியிருந்தேன் என்பதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். ஒரு மாதமாக இந்த நோட்டில் சொன்ன பொய்க்கு இது கணக்கு.

"பட்டியல் அனுப்பிய நாளுக்கு இரண்டு நாள் முன்பே லோகேஸ்வரி பயிற்சிக்குத் திரும்பிவிட்டாள். பதினெட்டாவது இடம் காலியாக இருந்தது. அவள்தான் அணியின் சிறந்த ஆட்டக்காரி என்பது எனக்குத் தெரியும். அவள் பயிற்சிக்கு வராததைக் காரணம் காட்டி, அந்த இடத்தில் என் மகளின் பெயரை எழுதினேன். என் மகளுக்கு ஒரு சான்றிதழ் வேண்டும் என்பதற்காக மட்டுமே அப்படிச் செய்தேன்."

லோகி படித்து முடித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"அப்ப எறா உரிக்கப் போனதால இல்லியா மிஸ்?"

"இல்லம்மா."

"அதனாலதான் லிஸ்ட்ல வரலனு நெனச்சினு இருந்தேன் மிஸ்." அவள் குரல் உடைந்தது. "எங்கம்மாக்குக் கையில புண்ணு, அதால உரிக்க முடியலனுதான் நான் போனேன். உன்னாலதான் எல்லாம் போச்சுன்னு அதைத் திட்டினேன். நவம்பர்ல இருந்து அதாண்ட மொகம் குடுத்துப் பேசல மிஸ். வேன் ஏறும்போது கூட வந்து நின்னுச்சு. நான் திரும்பிப் பாக்கல."

மணி அடித்தது. எல்லாப் பெண்களும் உள்ளே போனார்கள். அவளும் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வகுப்பு ஒரு மணிக்கு முடியும் என்று செக்யூரிட்டி சொன்னார்.

அதே நாள், பஸ்ஸில்

ஒன்று ஐந்துக்கு வந்தாள். கோட்டு இல்லை. தோளில் பை. ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்து வாங்கவில்லையாம். வாங்கி வைத்த போனைத் திங்கட்கிழமைதான் தருவார்களாம், அதை விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

தாம்பரம் பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் சீட்டில் இடம் பிடித்து அவளைக் கூப்பிட்டேன். அவள் என்னைத் தாண்டிப் போய் முன்னால் தனியாக ஜன்னலோரம் உட்கார்ந்தாள். உட்காரட்டும். அதைக் கேட்க எனக்கு வாய் கிடையாது.

படப்பை தாண்டியதும் எழுந்து வந்தாள். என் பக்கத்தில் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி கையை நீட்டினாள்.

"மிஸ், போன் குடுங்க."

கோகிலவாணி மேடத்திடம் பேசுவதற்கா என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். எண்ணை மனப்பாடமாக அழுத்தினாள். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் மணி அடித்திருக்க வேண்டும். எறா வேலையில் இருந்தால் அஞ்சலை கையைத் துடைத்துவிட்டுத்தான் போனை எடுப்பாள்.

"யம்மா," என்றாள் லோகி. "நான்தான். லோகி." போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அப்படியே நின்றாள்.